தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கம்

கையிலிருந்து கைக்குச் செங்கல் போய்க்கொண்டே இருக்கிறது, பாவாடை தாவணியும் தலையில் துண்டுமாக வரிசையில் நிற்கிற பெண்களில் ஒருத்திகூட நிமிரவில்லை, நடுவில் நிற்கிறவளுக்கு மட்டும் துண்டு நழுவிவிட்டது, அவள்தான் கல்லை நீட்டியபடியே இந்தப் பக்கம் திரும்பி, உதடு ஓர் ஓரமாக ஏறச் சிரிக்கிறாள், இது நான், என்றாள் சண்முகவடிவு, அதைச் சொல்ல அவள் யோசிக்கவே இல்லை, கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த அந்தப் பழைய போட்டோவில் விரலை வைத்தே காட்டிவிட்டாள், கல்லூரி நூலகர் பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்து நாற்காலியில் இருந்த வடிவின் மகன் நம்பிராஜன் மட்டும் சிரிக்கவில்லை, மீதிப் பேரையும் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

கல்லூரிக்கு வைரவிழா வருகிறது, பெட்டியில் கிடந்த பழைய பிலிம் சுருள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் படித்தவர்கள் வந்து யார் யார் என்று சொன்னால் பெயர் போட்டுக் கண்காட்சியில் மாட்டலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள், விஷயம் அவ்வளவுதான், ஆனால் வடிவுக்கு அது அவ்வளவுதானா, பாளையங்கோட்டை வீட்டில் தனியாக இருக்கிறவள், போன மாதம் பக்கத்து வீட்டுப் பூட்டில் தன் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டு நின்றிருக்கிறாள், பால் ஒருமுறை பாத்திரத்தோடு தீய்ந்திருக்கிறது, மறதியின் ஆரம்பமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று டாக்டர் மழுப்பிவிட்டார், அதைக் கேட்டு சென்னையிலிருந்து வந்து இறங்கிய நம்பிராஜன், வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துரும்மா என்று பிடித்த பிடியில் நிற்கிறான், ஆட்டோவில் வரும்போது அவனே பேச்சுவாக்கில் சொன்னான், அந்தப் படத்துல உள்ளவங்கள நீ கரெக்டா சொல்லிட்டேன்னா நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன், நீ இங்கனயே இரு. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சொல்லுங்கம்மா, இந்தக் கடைசியில இருந்து வருவோம், என்கிறாள் பெனிட்டா, இதென்ன பெரிய காரியம், வடிவு கண்ணைப் பாதி மூடிக்கொள்கிறாள், திறந்தவெளி அரங்கம் கட்டுகிறோம், பிளான் போட்ட என்ஜினியர் மேடையை வட்டமாகப் போட்டுவிட்டார், சதுரமாகவே கட்டிப் பழகிய கொத்தனார், சார் இது மேடையா கிணறா என்று கேட்கிறார், கூலியை மிச்சம் பிடிக்க நாங்களே கல் சுமக்கிறோம், கேட்டுக்குள் நுழைந்தால் இடது கைப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, அந்தத் தொட்டியடியில் கல் இறக்கிக் கிடக்கிறது, அங்கே முதல் ஆள் லூர்து மேரி, குட்டை, அப்புறம் தெய்வானை, அப்புறம் நான், எனக்கு அடுத்து ஆபிதா, மேடையில் நின்று அடுக்குகிறவள் பிரமு, அவள் ஒட்டகச்சிவிங்கி, என்று இடமிருந்து வலமாக விரலை நகர்த்திக்கொண்டே சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, பாஸாகிவிட்டோம் என்றுகூட நினைத்தாள், பெனிட்டாதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள், லூர்து மேரி குட்டைன்னிய, நீங்க காட்டுன ஆள் நெட்டையால்லா இருக்காங்க, தொட்டியும் அந்தப் பக்கம்லாம்மா தெரியுது, வலது கைப் பக்கம்.

வடிவு பார்த்தாள், ஆமாம், தொட்டி வலது பக்கம்தான் நின்றது, நாலு தூணும் தெரிய ஜம்மென்று நின்றது, ரோட்டை அகலப்படுத்தும்போது அதை இடித்துவிட்டார்கள், இனி யாரைப் போய்க் கேட்பது, தொட்டி வலது பக்கமென்றால் அதை ஒட்டிய கல்லூரி மதிலும் வலது பக்கம், மதிலில் ஓட்டை போட்டுத் தெருக்காரர்களுக்கு ஒரு குழாய் விட வேண்டுமென்று இந்தப் பெண்களெல்லாம் நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்தார்களே, அந்தத் தெருவும் வலது பக்கம், குழாய் வந்த அன்றைக்குக் குடத்தோடு நின்ற பொம்பளைகள் மதிலுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா, அவள் மனசுக்குள் தெரு எழுந்து நடக்கிறது, பஸ் நிறுத்தம் கோவிலுக்குப் போகிறது, கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறது, ஆறு வந்த வழியே திரும்பிப் போகிறது, அவள் கையில் சாவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூட்டாகத் திருகிப் பார்க்கிறாள், ஒன்றும் திறக்கவில்லை, யம்மா, யம்மா, என்று நம்பிராஜன் தோளைத் தொடுகிறான், விடும்மா, எத்தன வருஷத்துக்கு முந்துன கத, என்கிறான், அந்தக் குரல் இருக்கிறதே, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரல், அதுதான் அவளை அறுத்தது, வேறெதையும்விட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சரிய்யா, என்றாள், நான் உங்கூடவே வாறேன்.

சொல்லிவிட்டாளே ஒழிய கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது, முந்தானையை இழுத்துத் துடைத்துக்கொண்டாள், துடைத்த கண்ணோடு மறுபடி திரையைப் பார்த்தாள், அந்தப் பெண்களுக்கெல்லாம் தாவணி வலது தோளில் கிடந்தது, ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாருக்கும் வலது தோள், அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டோமா, இதுவும் மறந்துவிட்டதா என்று தன் தோளைத் தொட்டுப் பார்க்கிறாள், இடது, பெனிட்டாவைப் பார்க்கிறாள், இடது, ஏம்மா, தாவணிய எந்தத் தோள்ல போடுவோம், என்று வாய்க்குள்ளேயே கேட்கிறாள், ஏதோ சொல்ல வாயெடுத்த பெனிட்டா திரைக்குக் கிட்டே குனிந்தாள், அடப் பாவமே, பிலிமப் பொறம் மாத்தி வச்சு எடுத்துட்டானுவம்மா, எடது வலதா விழுந்துருக்கு, என்று மவுஸைத் தேடிப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிப் படத்தைத் திருப்பினாள், தொட்டி இடது பக்கம் வந்து நின்றது, அதனடியில் குட்டையாக லூர்து மேரி நின்றாள், மேடையில் பிரமு நெடுநெடுவென்று நின்றாள், ஊர் முழுக்க அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

நம்பிராஜனுக்குத் தாங்கவில்லை, அம்மா கையைப் பிடித்துக்கொண்டான், நீ சொன்னதுதாம்மா சரி, மிஷின்தான் தப்பு, நீ எங்கயும் வர வேண்டாம், இங்கனயே இரு, நான் மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கிடுதேன், என்று அவன் பேசிக்கொண்டே போகிறான், வடிவும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் கண் வரிசையின் நடுவில் போய் நின்றுவிட்டது, தெய்வானைக்கும் ஆபிதாவுக்கும் நடுவில் துண்டு நழுவிய ஒரு பெண் செங்கல்லை நீட்டிக்கொண்டிருக்கிறாள், கோணல் வகிடு, உதடு ஏறிய சிரிப்பு, எல்லாம் இருக்கிறது, ஆனால் இவள் யார், முகத்தை அவள் உற்று உற்றுப் பார்க்கிறாள், எங்கேயோ பார்த்த ஜாடை, அவ்வளவுதான், எங்கள் வகுப்பு இல்லையே. போட்டோ எடுக்க வந்தால் தலையைக் குனிந்துகொள்கிற ஜாதி வடிவு, தன் முகமென்று அவள் பார்த்ததெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுதான், கண்ணாடி வலதை இடதாக்கித்தானே காட்டும், அது திரும்பிக்கொண்டால் யாருக்கும் தன் முகம் அந்நியமாகத்தான் தெரியும், நோயுமில்லை ஒன்றுமில்லை, ஆனால் அதை எடுத்துச் சொல்ல அவள் வாயைத் திறந்து கேட்டால்தானே.

லூர்து மேரி, தெய்வானை, சண்முகவடிவு, ஆபிதா, பிரமு, சரியாம்மா, என்று பெனிட்டா வாசித்தாள், மற்ற நாலு பேரையும் கழித்தால் மிச்சம் நான்தான் என்று வடிவு கணக்குப் போட்டாள், சரிம்மா, என்றாள், குரலில் ஒன்றும் தெரியவில்லை, நம்பிராஜனுக்குக்கூடத் தெரியவில்லை. ஒரு காப்பி பிரேம் போட்டு அனுப்புதோம், விலாசம் சொல்லுங்க, என்றாள் பெனிட்டா, நம்பிராஜன் உற்சாகமாகப் பாளையங்கோட்டை வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் சொல்ல ஆரம்பித்தான், வடிவு அவன் முழங்கையைத் தொட்டாள், வேண்டாம்யா, மெட்ராஸ் விலாசத்தையே குடு, என்றாள். எதுக்கும்மா, அதான் நீ இங்கனயே இருக்கப் போறியே, என்றான் அவன், அவள் அவனைப் பார்க்கவில்லை, இல்லய்யா, வீட்டப் பூட்டிருவோம், நீயே பூட்டிரு, என்றாள், திரையில் அந்தப் பெண் யாரோ ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், அம்மாவுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று விளங்காமல் நம்பிராஜன் தன் சென்னை விலாசத்தைச் சொன்னான்.