வேனுக்கு முன்னால் வந்த நிழல்

வேன் வருவதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே அதன் நிழல் வந்து தெருவில் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, பதினேழாம் எண் வீட்டு வாசலில், சாக்கடை மூடியை மறைக்காமல் சுவரோரமாக ஒழுங்காக நின்றிருந்தது. எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் டேப்பை எடுத்து வந்து அளந்தார். நீளம் பதினான்கு அடி, அகலம் ஐந்தரை. பின்பக்கம் ஒரு சரிவுப் பலகையின் நிழலும் தனியாக இறங்கியிருந்தது, சக்கர நாற்காலி ஏறுகிற அளவுக்கு. மேலே வண்டி எதுவும் இல்லை, வானம்தான் இருந்தது. அன்று நிழல் தண்ணீர் கூடிப்போன டீயின் நிறத்தில் இருந்ததால் பாதிப் பேர் ஈரம் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். அன்று காலைதான் அந்த வீட்டு அண்ணி, ஒரு காலி பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, தன் கையிலிருந்த முதல் நோட்டை மடித்து உள்ளே தள்ளியிருந்தாள்.

வண்டி அவளுடைய நாத்தனாருக்கு. பத்தொன்பது வயதில் மொட்டைமாடிப் படியிலிருந்து விழுந்தவளுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை. கை இரண்டும் தங்கமான கை. பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். மெழுகில் பல்லைப் பதித்து, பிளாஸ்டரில் வார்த்து, ராவிப் பளபளவென்று ஆக்கி அனுப்புவாள். தெருவில் வயதானவர்கள் சிரித்தால் அதில் பாதி அவள் செய்த சிரிப்பு. வீட்டிலிருந்து கூடத்துக்கு இரண்டு பஸ். எந்த பஸ்ஸிலும் நாற்காலியோடு ஏற முடியாது. அதனால் அவளுடைய அண்ணன் தினமும் அவளை முதுகில் சுமந்து, மடக்கிய நாற்காலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, கூடத்தில் உட்கார வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போவான். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டர் வேலை. பாரமாக இல்லையா என்று கேட்பவர்களிடம், "ஒரு நாளைக்கு எழுநூறு பேரத் தூக்குறேன். இவ ஒருத்திதானா எனக்கு பாரம்?" என்பான். அந்த எழுநூறு பேரையும் மின்சாரம் தூக்கியது, இவளை அவன் முதுகெலும்பு தூக்கியது என்பதை யாரும் அவனிடம் எடுத்துச் சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணி அவன் முதுகில் தைலம் தேய்ப்பாள். தைல வாசனை மூன்று வீடு தாண்டி அடிக்கும்.

டப்பாவில் பணம் சேரச் சேர நிழல் கறுத்தது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெருவில் ஒருவரும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று, எட்டிப் பார்த்தால் போதும். கூடத்து முதலாளி ஒரு மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது சக்கரங்கள் தெளிந்தன. லிஃப்டில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் மாடிவாரியாக வசூலித்துக் கொடுத்த வாரம் கண்ணாடி ஜன்னல்கள் தனியாகத் தெரிந்தன. இரண்டாம் வருடம் அண்ணனுக்கு முதுகுத் தண்டு பிசகி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு டப்பாவில் கை வைத்தார்கள். மறுநாளே நிழல் வெளுத்து, சரிவுப் பலகை காணாமல் போனது. அது திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவன் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவளைச் சுமந்தான். முதுகில் இருந்தபடியே அவள், "கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சிடப் போகுது. உனக்கும் ஒரு செட் செய்யணும்போல" என்பாள். அவன் சிரிப்பான். சிரித்தால் வலிக்கும்.

அந்தத் தெருவில் மரம் கிடையாது. சாலையை அகலமாக்குகிறோம் என்று ஆறு மரங்களையும் வெட்டிவிட்டு, சாலையை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். ஆகவே மூன்றாம் வருடம் நிழல் கெட்டியானதும் ஒவ்வொருவராக அதற்குள் வந்து சேர்ந்தார்கள். உச்சி வெயிலிலும் அது நகராது, சுருங்காது. நின்றால் தலை வரைக்கும் குளுமை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்களுக்கு மட்டும் உச்சந்தலை சுட்டது. பழக்காரம்மா தள்ளுவண்டியை டிரைவர் சீட் இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். தையல்காரர் மெஷினைத் தூக்கி வந்து பின்சக்கரத்தின் மேல் போட்டார். பென்ஷன்காரர் மடக்கு நாற்காலியும் பேப்பருமாகச் சரிவுப் பலகையில் குடியேறினார். குளுமை இன்னும் கூடட்டும் என்று டப்பாவில் போடவும் செய்தார்கள். அதைத் தர்மம் என்றே சொல்லிக்கொண்டார்கள், அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

நான்காம் வருடம் நிழல் தார் மாதிரி ஆனது. இன்னும் ஒரு சிறு தொகைதான் பாக்கி, ஒரு மாதத்தில் தேறிவிடும் என்று அண்ணி கணக்குப் போட்டாள். தேறவில்லை. எட்டு மாதம் ஒரு நோட்டுகூட விழவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வேன் வந்தால் நிழலை இழுத்துக்கொண்டு தினமும் காலையில் கிளம்பிவிடும். டப்பாவோடு அண்ணி வாசலில் இறங்கினால் தையல்காரர் ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பிப்பார். பழக்காரம்மா சில்லறை இல்லை என்பாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வெயில் அப்படி. இதற்கிடையில் டாக்டர் அண்ணனின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வருஷம் தூக்கினீங்கன்னா உங்களுக்கும் சேத்து நாற்காலி வாங்க வேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார். அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. எக்ஸ்ரேயைப் பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்தான். முதுகிலேயே இருப்பவளுக்குத் தெரியாதா என்ன, ஒவ்வொரு படிக்கும் அவன் மூச்சு எங்கே நிற்கிறது என்று அவள் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து நிழலின் நடுவில் நிறுத்தினாள். எல்லோரும் இடம் விட்டார்கள். அந்த மரியாதையில் குறைச்சல் இல்லை.

"வண்டி வந்தா நிழல் போயிடும்னுதானே யாரும் காசு போட மாட்டேங்கிறீங்க?"

தையல் மெஷின் நின்றது.

"நிழல நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு வண்டி மட்டும் போதும். எங்கண்ணனால இனிமே முடியல."

பழக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பென்ஷன்காரர் தொண்டையைச் செருமி, "எழுதித் தருவியாம்மா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டதற்காக அவர் சாகும்வரை வெட்கப்பட்டார். ஆனாலும் அவள் எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார். புதன்கிழமைக்குள் டப்பாவின் மூடி மூட மறுத்தது.

வேன் வெள்ளை நிறத்தில் வந்தது. பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் கையாலேயே இயக்கும்படி செய்யப்பட்டிருந்தது. சொன்ன சொல் தவறாமல், அது எந்த இடத்தில் நின்றாலும் தரையில் வெயில் அப்படியே விழுந்தது. பதிவு அலுவலகத்தில் ஆய்வாளர் அதை மூன்று முறை சுற்றி வந்து, நிழல் எங்கே என்றார். தெருக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள். அவர் படிவத்தைப் புரட்டினார். நிறத்துக்கு, இருக்கைக்கு, எஞ்சின் எண்ணுக்கெல்லாம் கட்டம் இருந்தது, நிழலுக்கு இல்லை. "கட்டம் இல்லாததுக்கு நான் என்னம்மா பண்றது?" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரே தொந்தரவு, நிழலில்லாத வண்டிக்குள் கூரை இருந்தும் வெயில் நேராக உச்சந்தலையில் அடித்தது. அவள் அகலமான தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் காலை, வழக்கம்போல அண்ணன் அவள் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான். "எந்திரி அண்ணா" என்றாள். அவனைச் சுற்றிக்கொண்டு உருட்டிப் போய், பலகையில் தானே ஏறி, கதவைச் சாத்தி, கிளம்பிவிட்டாள். திருப்பத்தில் வேன் மறையும்வரை அவன் குந்தியபடியே இருந்தான். பிறகு எழுந்தான். லிஃப்டுக்குப் போகவில்லை. நான்கே எட்டு வைத்து நிழலுக்குள் போய்ப் படுத்தான், படுத்த உடனே தூங்கிப்போனான். பழக்காரம்மா தள்ளுவண்டியை வெயிலுக்கு நகர்த்தினாள். அண்ணி தலையணை கொண்டு வந்து வைத்தாள். தையல்காரர் மெஷினை ஓட்டாமல் கையாலேயே தைத்தார். சாயங்காலம் வேன் திரும்பியது. எழுப்பட்டுமா என்று பென்ஷன்காரர் சாடையில் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஏழு மாடி அலுவலகத்திலிருந்து மறுநாள் திட்டுவதற்காக வந்த மேலாளரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, படியேறிக்கொள்கிறோம் என்று திரும்பிப் போனார். அண்ணன் ஒன்பது நாள் தூங்கினான். அந்த ஒன்பது நாளும் அவள் ஹாரன் அடிக்காமல் வந்து, எதிர்ச்சாரியில், வெயிலில் வண்டியை நிறுத்தினாள்.