ஓட்டையில்லா மதம்

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எல்லோரும் மாதக் கடைசிக்குள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மத நம்பிக்கையாலோ சொந்தக் காரணத்தாலோ முடியாதவர்கள் ஹெச்.ஆர். மேடத்தைப் பார்த்து விலக்கு கேட்கலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பெரிய எழுத்தை யாரும் படிக்கவில்லை.

கேண்டீன்காரர் தான் சைவம் என்றார். லிஃப்ட் ஆபரேட்டர், மேலே போவது, கீழே வருவது தவிர தனக்கு வேறெதிலும் நம்பிக்கை இல்லை என்றார். மேடம் இருவரையும் ஊசி வரிசைக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவதாக உள்ளே வந்தவர் பீரோ.

பீரோ சலவைப் பிரிவில் இருக்கிறார். நின்றால் வாசல் அடைபடும், அதனால் அந்தப் பெயர். ஈரப் போர்வை மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி மெஷினில் போடுவார். அவருக்கு ஊசி என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. நோட்டீஸ் போர்டில் குத்தியிருக்கும் குண்டூசியைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும்.

இது வெளியே தெரியக் கூடாது. முக்கியமாக அவர் மனைவிக்குத் தெரியவே கூடாது. மனைவி அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். குரலை வைத்து வார்டே அவரை சைரன் என்று கூப்பிடும். பீரோ மட்டும் குயில் என்பார். "ஊசியைப் பார்த்து மயங்கி விழற ஆம்பளையை மட்டும் கட்டிக்க மாட்டேன். தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு" என்று கல்யாணத்துக்கு முன்பே கறாராகச் சொல்லிவிட்ட பெண். அதைக் கேட்ட மறுவாரமே பீரோ, இடது கையில் 'குயில்' என்று பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றார். கல்யாணம் முடிவானது.

அது பச்சை இல்லை. சலவைப் பிரிவில் போர்வைகள் மேல் 'பிரசவ வார்டுக்குச் சொந்தம். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது' என்று எழுதும் மார்க்கர் பேனா. கொதிக்கிற தண்ணீர், சோப்பு, சோடா எதற்கும் அசையாத மை. துணியில் வருஷக்கணக்கில் நிற்கும். தோலில் ஒரு வாரம். அதனால் வாராவாரம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பீரோ அதை மறுபடி எழுதிவந்தார். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவள்கூட அத்தனை தடவை 'கு' எழுதிப் பழகியதில்லை.

"சொல்லுங்க, என்ன மதம்?" என்றார் மேடம்.

"உடம்புல ஓட்டை போடக் கூடாதுங்கற மதம், மேடம்."

"பேரு?"

"இன்னும் வைக்கலை."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"இப்போதைக்கு நான்தான். தம்பிகிட்ட கேட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னிருக்கான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூக்குல ரெண்டு ஓட்டை இருக்கே, அது?"

"அது மதம் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது சார்."

மேடம் நியாயமானவர். பெயர் வைக்காத மதம் என்பதற்காக ஒரு மதத்தை மட்டமாக நினைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. "நம்பிக்கை உண்மையா இருந்தா போதும்" என்று பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அரைக்கைச் சட்டைக்குக் கீழே எட்டிப்பார்த்த குயில் அவர் கண்ணில் பட்டது.

"அப்போ இந்தப் பச்சை? ஊசியிலதானே குத்துவாங்க?"

பீரோ சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டார். "மேடம், அது... வரைஞ்சது. வெளியில சொல்லிடாதீங்க."

"வரைஞ்சதா! ரொம்ப நல்லதாப் போச்சு. அப்போ உங்க நம்பிக்கை கெட்டியானதுதான். வீட்டு ஆள் ஒருத்தர் வந்து ஆமான்னு சொல்லிட்டா விலக்கு கொடுத்துடலாம். உங்க வீட்டம்மா மாடியிலதானே இருக்காங்க?" மேடம் போனை எடுத்தார்.

"வேண்டாம் மேடம்! நான் மதம் மாறிட்டேன்."

"எப்போ?"

"இப்பதான்."

"எந்த மதத்துக்கு?" என்றார் டாக்டர், உண்மையான ஆர்வத்தோடு.

"ஓட்டை போட்டுக்கலாம்னு சொல்ற மதத்துக்கு சார்" என்று சொல்லிவிட்டு பீரோ வரிசையில் போய் நின்றார்.

அன்று ஊசி போட ஆள் பற்றாமல் பிரசவ வார்டிலிருந்து இரவல் வாங்கியிருந்தார்கள். பீரோவின் முறை வந்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் குயில் உட்கார்ந்திருந்தார்.

"அட, நம்ம வீட்டுக்காரர்!" என்று ஹாலே அதிரும்படி சொன்னார். "பயப்படறவங்க எல்லாம் இவரைப் பார்த்துக் கத்துக்கங்க. என் பேரையே குத்திக்கிட்டவர்!"

வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது. பீரோ உட்கார்ந்தார். குயில் சட்டைக் கையை மேலே தள்ளி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்தார்.

சலவைப் பிரிவில் ஸ்பிரிட் கிடையாது. அதனால் அந்த மையை ஸ்பிரிட் என்ன செய்யும் என்று பீரோ யோசித்ததே இல்லை. பஞ்சு கறுப்பானது. 'கு' காணாமல் போனது.

"குயிலு..."

"பாதிதான் மிச்சம் இருக்கேன்" என்றார் குயில். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. பிறகு வரிசையைப் பார்த்து, "என்ன வேடிக்கை? சலவை வேலை பாக்கறவர் கையில மை இருக்காதா?" என்று சைரன் ஊதினார். கழுத்துகள் உள்ளே போயின.

"உனக்குத் தெரியுமா?"

"பச்சை குத்தினா ஒரே இடத்துல இருக்குங்க. உங்களோடது தோளுக்கும் முழங்கைக்குமா நடந்துக்கிட்டே இருக்கு. பாப்பா பொறந்த வாரம் வலது கைக்கே போயிடுச்சு."

"அது பதட்டத்துல..."

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டா நிறுத்திடுவீங்களே" என்றார் குயில், பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டபடி. "நிஜமா குத்திக்கிட்டவன் ஒரு தடவையோட மறந்துடுவான். நீங்க வாராவாரம் உக்காந்து என் பேரை எழுதறீங்க. கையெழுத்துதான் சகிக்கலை."

பீரோ மேஜைமேல் குனிந்தார். "குயிலு, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. எப்போ ஊசி போடுவே?"

"போட்டாச்சு. பாப்பா பேச்சு எடுத்தப்பவே."

பீரோ கையைப் பார்த்தார். ஒரு சின்னப் பொட்டு ரத்தம். மாட்டிக்கொண்ட பயத்தில் ஊசிப் பயம் அவருக்கு மறந்தே போயிருந்தது. இப்போது ஞாபகம் வந்தது. மெதுவாகப் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தார். கேண்டீன்காரரும் லிஃப்ட் ஆபரேட்டரும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கியதால் தரை தப்பித்தது.

"போச்சு, என் இடுப்பு" என்றபடி குயில் எழுந்தார்.

கண் விழித்தபோது பீரோ கட்டிலில் இருந்தார். குயில் அவருடைய மார்க்கர் பேனாவை மூடி அவர் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார். தோளிலிருந்து முழங்கை வரை அழகான, குண்டுகுண்டான எழுத்தில் புதிதாக இருந்தது:

'பிரசவ வார்டுக்குச் சொந்தம். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

சாயங்காலம் தம்பி போன் செய்தான். நன்றாக யோசித்துவிட்டானாம், மதத்தில் சேர்ந்துகொள்கிறானாம். இப்போது அதில் அவன் மட்டும்தான் இருக்கிறான்.