ஜோஃப்கா சாப்பிடவில்லை

என் கணவன் ரடோமிர் இறந்து மூன்று வாரம் கழித்து, அவனுடைய பாம்புச் சங்கத்து நண்பர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறையில் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். அவனைப் பற்றிச் சில வேடிக்கைக் கதைகள் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயைக் கட்டி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ட்ராம் ஏறிப் போனார்கள். ஜோஃப்காவை மட்டும் யாரும் தொடவில்லை.

ஜோஃப்கா மலைப்பாம்பு. ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்ற பெரிய உடம்பெல்லாம் கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மாலுமி கொண்டுவந்து ரடோமிரிடம் கொடுத்தது. பயந்தால் பந்தாகச் சுருண்டு, தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும்.

"இதையும் எடுத்துட்டுப் போயேன், ஓட்டா," என்றேன். ஓட்டாகர்தான் அவர்களில் ரடோமிருக்கு மிக நெருக்கம். பீர் தொழிற்சாலையில் லாரி ஓட்டுபவன்.

"எப்படி எடுப்பேன் ஸ்டாஸி? மூணு வாரமா வாயே திறக்கலங்கற. சாப்பிடாத பாம்பு கை மாறக் கூடாது. எங்க ஆளுங்க யாரும் வாங்கவும் மாட்டான், விக்கவும் மாட்டான். இடம் மாறினா இன்னும் பயந்து, அப்படியே செத்துப்போகும். அது சாப்பிட்டதும் ஒரு போன் போடு. அன்னிக்கே வரேன்."

எனக்குப் பாம்புகள் இருந்த அறை வேண்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் தையல் இயந்திரம் படுக்கைக்கும் பீரோவுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றது. பாம்புகளுக்கு ஜன்னலோடு தனி அறை. அந்த ஜன்னலையும் திறக்கக் கூடாது. காலையில் இந்தக் கட்டடம் முழுக்க எல்லா ஜன்னல்களிலும் மெத்தை விரிப்புகள் காற்றாடத் தொங்கும். எங்கள் ஜன்னல் ஒன்றுதான் சாத்தியே கிடக்கும்.

"சாத்து ஸ்டாஸி, என் பொண்ணுக்குச் சளி பிடிச்சிடும்," என்பான் ரடோமிர்.

"இங்க பொண்டாட்டிக்கு மூச்சு முட்டுது. அது பரவாயில்லையா?"

"உனக்கு வெளிய போக மாடிப்படி இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?"

அதனால்தான் அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்ததும் அந்த ஜன்னலை விரியத் திறந்தேன். என் விரிப்பைத் தொங்கவிட்டேன். அக்டோபர் காற்று எலி நாற்றத்தையும் மரத்தூள் வாசனையையும் அள்ளிக்கொண்டு போனது. எதிர் வீட்டுக் கூச்செரோவா அம்மா தன் ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

"இப்பதாங்க உங்க வீடு வீடு மாதிரி இருக்கு!"

சந்தோஷமாக இருந்தது. கணவனை அடக்கம் செய்த மறுநாளே சந்தோஷம் வருகிறதே என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அன்று முதல் தினமும் காலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன்.

ஓட்டா சனிக்கிழமை மதியங்களில் வருவான். பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு எலி கொண்டுவருவான். வெள்ளை எலி போய்ச் சாம்பல் எலி வந்தது. பிறகு, இந்த வகைப் பாம்பு விரும்பித் தின்னும் பாலைவன எலியின் வாசனை ஏற, அதன் படுக்கைத் தூளில் புரட்டியெடுத்த எலி. கண்ணாடிப் பெட்டியின் மேல் துணி போட்டோம். உள்ளே ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தோம். எலியோ சுருண்டு கிடந்த ஜோஃப்காவின் மேலேயே ஏறி உட்கார்ந்து, நிதானமாக முகம் கழுவிக்கொண்டது.

"பாரு இவன! நாற்காலின்னு நெனச்சுட்டான்," என்று ஓட்டா எலியை வாலைப் பிடித்துத் தூக்கினான். "விட்டு வச்சா இவன்தான் அவளக் கடிச்சுத் தின்பான்." வெப்பமானியைத் தட்டிப் பார்த்தான். மதியத்துக்குள் அறை சூடாகிவிடும். அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. "சூடு குடுக்கற பல்பும் சரியாத்தான் எரியுது. குளிர்காலத்துல சிலது சாப்பிடாது. ஆனா இவ மெலியறாளே."

மெலிந்துகொண்டுதான் இருந்தது. முதுகெலும்பு தோலுக்கடியில் கயிறு போலத் தெரிய ஆரம்பித்தது.

"அவனை நெனச்சு ஏங்குது," என்றேன்.

"பாம்பு ஏங்குமா? போ ஸ்டாஸி."

ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது. மாலையில் தையலை மடியில் வைத்துக்கொண்டு அதன் எதிரில் உட்காருவேன். அது சோறு தண்ணீர் வேண்டாம் என்று கிடந்தது. நான் வேளாவேளைக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றேன். கல்லறையில் கூட எனக்குச் சரியாக அழுகை வரவில்லை. என்னைவிட ஒரு பாம்பு அவனை அதிகமாக நேசித்திருக்கிறதோ என்ற எண்ணம் ஊசி மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அதனிடம் வாய்விட்டே கேட்டேன். "அப்படி என்னடி செஞ்சான் உனக்கு?"

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. படுக்கையறையில் குளிர் தாங்கவில்லை. கணப்பு நன்றாகக் காய்வது பாம்பு அறையில்தான். அங்கே சோபாவில் போய்ப் படுத்தேன். ஜன்னலைத் திறக்க எழும்பவே முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சூப் வந்தது. தூங்கினேன், விழித்தேன், மறுபடி தூங்கினேன். எத்தனை நாள் என்று நினைவில்லை.

ஒரு காலை காய்ச்சல் விட்டிருந்தது. கண்ணைத் திறக்குமுன்பே ரடோமிர் அறையில் இருக்கிறான் என்று தெரிந்தது. தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நினைத்தேன் என்று சொல்ல முடியாது. சூடேறிய தூசி, மரத்தூள், எலி, பல்பின் வெக்கை. அவன் சட்டையில் இருந்த வாசனை, அவன் தலைமுடியில் இருந்த வாசனை. நான் வருஷக்கணக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிய அத்தனையும் என் மேல் வந்து கவிந்திருந்தது. அப்படியே அசையாமல் கிடந்தேன். கல்லறையில் வராத அழுகை அப்போது வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, ஜோஃப்கா பூந்தொட்டியை விட்டு வெளியே வந்திருந்தது. தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி, அறையை முகர்ந்துகொண்டிருந்தது.

பிறகுதான் உறைத்தது. அது ஏங்கவில்லை. அதற்குக் குளிர்ந்தது. தினமும் காலையில் நான் திறந்துவிட்ட காற்று அதன் பெட்டிக்குள் இறங்கி, வயிற்றைச் சில்லிட வைத்திருக்கிறது. செரிக்காத வயிற்றில் அது எதைப் போடும்? ஓட்டா வரும் நேரத்தில் எல்லாம் சூடாகி, சரியாகியிருக்கும். மற்ற பாம்புகள் இந்த ஊர்க் குளிரில் பிறந்தவை, அவற்றுக்கு அது ஒரு பொருட்டில்லை. சளி பிடிச்சிடும் என்று ரடோமிர் சொன்னதை நான் வருஷக்கணக்காகக் கேலி என்றே நினைத்திருந்தேன்.

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. இந்த வீட்டில் அவனுக்காகத் துக்கம் கொண்டாட இனி நான் ஒருத்திதான்.

நான் காய்ச்சலில் கிடந்தபோது ஓட்டா வந்து குளியலறை வாளியில் விட்டுப்போயிருந்த எலிகளில் ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் விட்டேன். எதிரில் தரையிலேயே உட்கார்ந்தேன். ஜோஃப்கா அசையவில்லை. நானும் அசையவில்லை. திடீரென்று ஒரு சாட்டையடி. அடுத்த நொடி எலி அதன் சுருளுக்குள் இருந்தது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி விழுங்கியது. கடைசியில் வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. சாப்பிட்டு முடித்ததும் அது விடும் அந்தக் கொட்டாவியைப் பார்த்தால் ரடோமிர் ஒவ்வொரு முறையும் கை தட்டுவான். நான் அடுப்படியிலிருந்து, "அங்க என்ன சர்க்கஸா?" என்பேன்.

இப்போது கை தட்டலாமா என்று யோசித்தேன். கூச்சமாக இருந்தது. தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டா போன் செய்தான்.

"காய்ச்சல் விட்டுதா? சரி, மகாராணி என்ன சொல்றா? வாயத் திறந்தாளா?"

போன் கம்பி நீளமானது, அந்த அறையின் வாசல்வரை வரும். ஜோஃப்கா பல்புக்கடியில் நீட்டிப் படுத்திருந்தது. வயிற்றின் நடுவில் ஒரு மேடு. ஜன்னல் ஓரத்தில் தையல் இயந்திரத்துக்கு நான் அளந்து வைத்திருந்த இடம் காலியாகத் தெரிந்தது.

"இல்ல ஓட்டா," என்றேன். "சாப்பிடல."

 

"அடப் பாவமே," என்றான். "அப்ப என்ன பண்றது? சாப்பிடாத பாம்ப நாங்க எடுக்கக் கூடாதே. உங்கிட்டதான் இருந்தாகணும்."

"ஆமா, என்ன பண்றது."

"அந்தச் சாப்பிடாத எலி பெருசா, சின்னதா?"

"நடுத்தரம்."

"அப்படின்னா ஒரு வாரத்துக்கு அவளக் கையில எடுக்காத," என்றான். "கக்கிடுவா."