ஒன்பதாம் எண்ணுக்கு என் ஓட்டு

எங்கள் இணையப் பக்கத்துக்கு வாரம் நாற்பது ஐம்பது இசைத் தொகுப்புகள் வந்து விழும். மின்னிசை, கிட்டார், மழைச்சத்தம், என்ன வகை என்று செய்தவருக்கே தெரியாத சோதனைகள். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் அவரவர் படுக்கையறையில் பதிவு செய்து அனுப்புகிறவை. அவற்றில் ஐந்தைப் பொறுக்கி, திங்கள்தோறும் இணையத்தில் பரிந்துரைக்கிறோம். எங்கள் ஊரான யோக்யகார்த்தாவில் எங்கள் பக்கத்துக்கு நல்ல மரியாதை உண்டு. மரியாதை தருகிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நாங்கள் மூன்று பேர். ஜத்மிகோ, விதூரி, கினாந்தியாகிய நான். ஞாயிறு பிற்பகல் ஜத்மிகோ வீட்டில் கூடுவோம். அவன் மனைவி பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டு வைத்திருப்பாள். யார் செய்தது என்று தெரியாமல் கேட்டு ஓட்டுப் போடுவோம். இரண்டு ஓட்டு விழுந்தால் தேர்வு. நடுவில் யாருக்காவது ஆளை அடையாளம் தெரிந்துவிட்டால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொகுப்பு அப்படியே விலக்கப்படும். இந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான்.

கொண்டுவந்ததற்குக் காரணம் என் தம்பி சத்ரியோ. நான்கு வருடங்களுக்கு முன் அவன் ஒரு கிட்டார் தொகுப்பு வெளியிட்டான். அக்கா இருக்கிறாள், தூக்கிவிடுவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 'இவர் வாசிப்பது இவருக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது' என்று எங்கள் பக்கத்திலேயே விமர்சனம் எழுதினேன். அந்தத் தொகுப்பு சுமார்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அதன்பிறகு அவன் எதையும் வெளியிடவில்லை, என்னிடம் பேசவும் இல்லை. ஒரு பயலின் பாட்டை நானே நிறுத்திவிட்டேன் என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

போன ஞாயிறு ஒன்பதாம் எண் ஓடியது. மெதுவான கிட்டார். அதன் பின்னால், எங்கோ தூரத்தில், ஊ என்று நீண்ட ஒரு ஒலி. ஜத்மிகோ கண்ணை மூடிக்கொண்டான்.

"ரெண்டு சுருதி சேர்ந்து வருது பாரு. பழைய சின்த் மெஷின் ஏதோ வெச்சிருக்கான். நிச்சயமா ஐரோப்பாக்காரன்."

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல," என்றாள் விதூரி. "காசு கொடுத்து வாங்கின மெஷின்ல இப்படியா வரும்? நீ கண்ணை மூடினாலே எனக்குப் பயமா இருக்கு. போன தடவை இப்படித்தான் ஃபிரிட்ஜ் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தோம்."

"அந்த ஃபிரிட்ஜ் நல்லா வாசிச்சுதுடி."

பொரித்த சோயாத் தெம்பேத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன். அது சின்த்தும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை. சத்ரியோ குடியிருக்கும் சந்துக்கு மாலையில் வரும் புட்டு வண்டியில் ஆவி போகும் குழாயின் விசில். குழாயில் விரிசல், அதனால் இரண்டு சுருதியில் கூவும். ஊர் முழுக்கப் புட்டு வண்டி உண்டு. இப்படிக் கூவுவது அது ஒன்றுதான். முன்பு எத்தனையோ மாலை அந்த வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். பதிவில் கூடவே எதிர்வீட்டுக் கூண்டுப் புறாவின் குரலும் கேட்டது.

தம்பி மறுபடி வாசித்துவிட்டான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தால் அவன் பாட்டை இரண்டாவது முறையும் நானே வெளியே தள்ளுவேன். திறக்காவிட்டால் நான் போட்ட விதியை நானே மீறுகிறேன். திறக்கவில்லை.

ஜத்மிகோ ஆதரித்தான், விதூரி மறுத்தாள்.

"கினாந்தி, உன் ஓட்டு?"

"என் ஓட்டு உண்டு," என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து ஜத்மிகோவின் மனைவி படித்தாள். ஒன்பதாம் எண், தாமார். இதே ஊர். வாடகை வீட்டில் பதிவு செய்தது. கிட்டார், அங்கே முன்பு குடியிருந்தவரிடம் வாங்கியது.

முன்பு குடியிருந்தவர். என் தம்பி வீடு மாறியது எனக்குத் தெரியாது. கிட்டாரை விற்றதும் தெரியாது. அவன் சந்தின் விசிலை அடையாளம் கண்டுபிடிக்கிற காது எனக்கு இருந்தது, அவ்வளவுதான்.

வெட்கத்தோடு இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்குத் தெரியாத ஆளுதானே வாசிச்சிருக்கான்?" என்றான் ஜத்மிகோ. "அப்புறம் எங்க விதி மீறல்?"

"தம்பின்னு நினைச்சுத்தானே போட்டா," என்றாள் விதூரி. அவள் சொன்னதுதான் சரி. ஆனாலும் அப்போதைக்கு ஓட்டு அப்படியே நின்றது.

தேர்வானவர்களைக் கூப்பிட்டு விவரம் கேட்பது வழக்கம். அன்று மாலை தாமாரைக் கூப்பிட்டேன். இருபது வயசுக் குரல், சந்தோஷத்தில் தடுமாறியது.

"எங்க பக்கத்துக்கு அனுப்பணும்னு எப்படித் தோணுச்சு?"

"வீட்டைக் காலி பண்ணிட்டுக் கடல் தாண்டி மக்காசருக்குப் போனாரே, அந்த அண்ணன் சொன்னாருக்கா. அங்க கினாந்தின்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்குப் பொய் சொல்ல வராது, அவங்க நல்லாயிருக்குன்னா நிஜமாவே நல்லாயிருக்குன்னு அர்த்தம்னாரு. நீங்கதானா அது?"

"நான்தான்," என்றேன். சத்ரியோவின் புது எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒன்பதாம் எண்ணை முதலிலிருந்து கேட்டேன். மதியம் நான் வீட்டைத்தான் கேட்டிருந்தேன், பாட்டை இல்லை. ஆறு பாட்டில் நான்காவது மட்டும் அருமை. மற்ற ஐந்தும் பழகும் கை. ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று இருவருக்கும் செய்தி போட்டேன். தாமாரிடமும் போனில் இதையே சொன்னேன். "நாலாவதா? அதைத்தான் எடுத்துடலாம்னு இருந்தேன்," என்றான் பையன்.

பிறகு மக்காசர் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்காவா?"

"ஆமாடா."

"அந்தப் பையன் வாசிச்சதைக் கேட்டியா? எப்படி இருக்கு?" என்றான்.

"நாலாவது நல்லாயிருக்கு. மத்ததெல்லாம் சுமார். அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

"போன் பண்ணியா சொன்ன?"

"ஆமா."

"என்னோடதையும் போன்ல சொல்லியிருக்கலாமேக்கா," என்றான் சத்ரியோ.