ஈர முடிச்சு

சாம்பசிவத்தின் இடது மணிக்கட்டை யாரோ இழுத்தார்கள். லேசாகத்தான், இரண்டு சுண்டு. பட்டப்பகல் பதினொரு மணி. தென்காசி ரதவீதியில் அவர் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், கடையத்திலிருந்து வந்த கல்யாண கோஷ்டிக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். வெளியே வெயிலும் தூறலுமாகச் சாரல் ஆரம்பித்திருந்தது. வந்துட்டான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த சேலையை உதறி விரித்தார்.

வருஷா வருஷம் இதே கதைதான். ஆனியில் குற்றாலத்து மலை கறுத்துக் காற்று குளிர்ந்ததும் இந்த இழுப்பு வந்துவிடும். ஆவணியில் சாரல் ஓய்ந்தால் அதுவும் ஓயும். ஊரே சாரல் வந்துவிட்டதென்று துள்ளும்போது இந்த மனுஷர் மட்டும் முழுக்கைச் சட்டைக்கு மாறி, மணிக்கட்டுப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொள்வார். மனைவி ருக்மிணி அதை வாதம் என்று நினைத்துத் தைலம் காய்ச்சிக் கொடுத்தாள். அவரும் மறுக்காமல் பூசிக்கொண்டார். செத்தவன் பிடித்து இழுக்கிற கைக்குத் தைலம் என்ன செய்யும்?

இழுத்தது அவர் தம்பி காந்திமதிநாதன். பள்ளிக்கூடமொன்றில் கிளார்க்காக இருந்தவன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், எழுபத்திரண்டாம் வருஷம், சுவரோடு பேச ஆரம்பித்தான். சட்டைப் பொத்தான் போடுவதற்குக்கூட மனைவி குழல்வாய்மொழி வரவேண்டும் என்றாகிவிட்டது. மூளைச்சூடு, ஒரு மண்டலம் அருவியில் நிறுத்தினால் தெளியும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் பலரைக் குற்றாலத்துக்கு அழைத்து வருவார்கள். சிலரைச் சங்கிலி போட்டே கூட்டி வருவதும் உண்டு. சங்கிலி மட்டும் வேண்டாம் என்று அம்மா அழுததால், சாம்பசிவம் கடையிலிருந்து ஈரிழைத் துண்டு ஒன்றை எடுத்துவந்தார். ஒரு நுனியைத் தம்பியின் வலது மணிக்கட்டிலும் மறுநுனியைத் தன் இடது மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு, விடிந்ததும் அவன் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து ஐந்தருவிக்கு நடத்திப்போவார்.

அருவி இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் துண்டையே பேச வைத்தார்கள். ஒரு சுண்டு சுண்டினால் நில் என்று அர்த்தம். இரண்டு சுண்டினால் போதும், போவோம். கரைக்கு வந்ததும் தம்பி வலது கையை நீட்டி, இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, வளையல் போட்டுவிடக் கொடுத்த பிள்ளை மாதிரிப் பொறுமையாக நிற்பான். நனைந்த முடிச்சு லேசில் இளகாது. அண்ணன் குனிந்து பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்ப்பார். முப்பது நாள் இப்படியே போனது. தம்பிக்குத் தெளிவும் வரவில்லை, மோசமும் ஆகவில்லை. கடைக்குப் போகாமல் லீவு போட்டு, சரியான தூக்கமில்லாமல் அண்ணன்தான் பாதியாக இளைத்துப்போனார்.

முப்பத்தோராம் நாள் மலைமேல் பெய்த மழை அருவிக்கு வந்துவிட்டது. தண்ணீர் செம்மண் நிறமானது, சருகும் குச்சியும் தலையில் விழுந்தன. குளித்துக்கொண்டிருந்தவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். சாம்பசிவமும் கரையேறினார். அவர் மணிக்கட்டில் துண்டு தொங்கியது. மறுநுனியில் யாரும் இல்லை.

வீட்டில் அவர் சொன்னது இதுதான். "தண்ணி அடிச்ச வேகத்துல முடிச்சு அவுந்துட்டு. ஆனா அவன் அந்தப் பக்கம் பாறை ஏறிக் காட்டுக்குள்ள போனான். என் கண்ணால பாத்தேன்."

பாறை ஏறிய கதை அவர் யோசித்துச் சொன்னதல்ல. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க வழியில்லை. உடலும் கிடைக்கவில்லையா, கதை நிலைத்துவிட்டது. அம்மா ஐந்து வருஷம் வாசலைப் பார்த்துக் கிடந்து கண்ணை மூடினாள். குழல்வாய்மொழி நெற்றிக் குங்குமம் கலையாமல் இலத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போய், தையல் மெஷின் போட்டுப் பிழைத்தாள். அச்சன்கோவில் பக்கம் ஒருத்தரைப் பார்த்தோம், புனலூர் ஸ்டேஷனில் தாடியோடு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது சொன்னால் அவளுக்குத் துணையாகப் போவது சாம்பசிவம்தான். செங்கோட்டையில் ரயிலேறி, மலையைக் குடைந்த குகை தாண்டி, நான்கு தடவை போய் வந்தார்கள். இல்லை என்று தெரிந்த ஆளை நான்கு தடவை தேடப் போன மனுஷர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். இப்படியும் ஓர் அண்ணனா என்று ஊர் மெச்சியது. அதைக் கூசாமல் கேட்டுக்கொள்ளவும் அவர் பழகிவிட்டார். அவர் செய்ததிலெல்லாம் அசிங்கமானது அதுதான்.

எண்பத்து நாலில் இழுப்பு அதிகமானது. சேலையை அளக்கும்போது, சாப்பிடும்போது, கோயிலில் கும்பிடும்போதெல்லாம் இரண்டு சுண்டு. பாளையங்கோட்டையில் மனநோய்க்குப் பார்க்கிற டாக்டர் ஞானதுரையிடம் ரகசியமாகப் போனார். டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்து, நரம்பில் ஒன்றுமில்லை, யாரிடமோ சொல்லவேண்டிய ஒன்றை நீங்கள் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள், அதை அந்த ஆளிடமே சொன்னால்தான் கை சரியாகும் என்றார். தூங்குவதற்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். சாம்பசிவம் மாத்திரையை வாங்கிக்கொண்டு, சொன்ன வார்த்தையை மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் சிவனணைந்தபெருமாளின் தியான வகுப்பில் சேர்ந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அரிசிக்கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, வருகிற நினைப்பை விரட்டாதே, பிடித்தும் வைக்காதே, சாட்சியாக இருந்து பார், பார்க்கப் பார்க்கக் கரைந்துபோகும் என்பார். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம், பார்த்தால் போதும் என்றதும் சாம்பசிவத்துக்குத் தேன் குடித்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டிலும் தினமும் உட்கார்ந்தார்.

மூன்றாவது வாரம் வாயில் ஒரு ருசி வந்தது. நல்லெண்ணெயும் அருவித் தண்ணீரும் கலந்த ருசி. பல்லிடுக்கில் நூல் சிக்கின மாதிரி ஓர் உறுத்தல். நாலைந்து தடவை வாய் கொப்பளித்தார், போகவில்லை. காபி குடித்தாலும் எண்ணெய், சோறு தின்றாலும் எண்ணெய். தலைமையாசிரியரிடம் சொன்னதற்கு, நல்ல அடையாளம், விடாமல் பாரும் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பார்த்தார். செந்தண்ணீர் கொட்டுகிறது. தம்பி பாறையில் முதுகைச் சாய்த்து, குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளப் போட்டிருக்கும் இரும்புக் கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டு சிரிக்கிறான். இரண்டு சுண்டு சுண்டியும் வரமாட்டேன் என்கிறான். அண்ணன் குனிந்து, அவன் மணிக்கட்டு முடிச்சில் பல்லை வைக்கிறார். அதற்கு மேல் பார்க்க முடியாமல் கண் திறந்துகொள்ளும். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில்தான் திறந்தது.

இந்த நேரத்தில்தான் குழல்வாய்மொழியின் அண்ணன் கடைக்கு வந்தார். காணாமல் போனவர் பன்னிரண்டு வருஷமாகியும் திரும்பாவிட்டால், தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடுவது வழக்கம். வருகிற ஆடி அமாவாசைக்குச் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், ஆனால் தங்கச்சி பிடிகொடுக்கமாட்டேன் என்கிறாள் என்றார். "அத்தான் கண்ணால பாத்திருக்காக, அவுக ஒரு வார்த்த சொல்லட்டும், செய்யுதேங்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாம்பசிவத்துக்கு அன்று வியாபாரம் ஓடவில்லை. செய்யாதே என்றால் அவள் சாகும்வரை குங்குமத்தோடு காத்திருப்பாள். செய் என்றால் பாறை ஏறியவன் என்ன ஆனான் என்று கேட்பாள். உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதில் லேசாகப் போவது இவர் கை, வெறுமையாகப் போவது அவள் நெற்றி. தன் நோய்க்கு அவளை மருந்தாக அரைத்துக் குடிப்பதா என்று இரண்டு நாள் மருகினார். அந்த மருகலில் பாதி நியாயம், பாதி பயம். எந்தப் பாதி எது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் இலத்தூர் பஸ் ஏறினார். பஸ்ஸிலும் இரண்டு சுண்டு.

குழல்வாய்மொழி மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசுதான், ஆனால் காதோரம் நரைத்திருந்தது. வாங்க அத்தான் என்று எழுந்து தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். அவர் செம்பைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"முடிச்சு தானா அவுறல, குழலு. நான்தான் அவுத்தேன். அவன் பாறையும் ஏறல. தண்ணியோட போனான்."

பிறகு மடமடவென்று வந்தது. தம்பி கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டதையும், இரண்டு சுண்டு சுண்டியும் அசையாததையும், இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் இரண்டு பேருமே போயிருப்போம் என்பதையும், வேறு வழியே இல்லாமல் போனதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்தது. அழுகையோடு மூச்சும் கொஞ்சம் லேசானது. டாக்டர் சொன்னது சரிதான் என்றுகூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

மெஷின் சக்கரத்தில் கையை வைத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும், "தெரியும்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஜவுளிக்கடைல இருக்கிற ஆளு, நனைஞ்ச துண்டு முடிச்சு தானா அவுந்துட்டுன்னு சொன்னீக. தெனமும் அதப் பல்லால கடிச்சு அவுத்தது நீங்கதான். அவுகளுக்குச் சட்டப் பொத்தான் போடவே நான் வேணும். பெறவு யாரு அவுத்திருப்பா?" குரல் உயரவில்லை. "புனலூர் ரயில்ல ஏறும்போதெல்லாம், இன்னைக்குச் சொல்லிருவீகன்னு நெனப்பேன். அவுகளத் தேடவா நான் வந்தேன்? நீங்க சொல்லுதத கேக்கத்தான் வந்தேன். நாலு தடவையும் சன்னல்ல வேடிக்க பாத்துக்கிட்டு வந்தீக."

சாம்பசிவம் நான்கு பயணத்திலும் எதிரே உட்கார்ந்திருந்த அவள் முகத்தை நினைத்துப் பார்த்தார். சுத்தமாக நினைவு வரவில்லை. அவர் ஒரு தடவையும் அதைப் பார்த்ததே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க முடிச்ச அவுக்கும்போது அவுக என்ன செஞ்சாக?"

"கம்பியப் பிடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். எண்ணெய் ருசி வாய் முழுக்க நிறைந்தது. தினமும் கண் திறந்துகொள்கிற இடம் இதுதான். இன்றைக்குத் திறப்பதற்குக் கண் மூடியிருக்கவில்லை. எதிரே அவள் இருந்தாள்.

"கைய நீட்டுனான்" என்றார்.

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

"குளிச்சு முடிச்சாச்சுன்னு நெனச்சுட்டான் போல. நான் முடிச்சுல பல்ல வச்சதும், தெனமும் நிக்கிற மாதிரி, இடது கையால வலது கையத் தாங்கிக்கிட்டு நின்னான். எனக்கு வாட்டமா இருக்கட்டும்னு."

"அப்போ கம்பிய விட்டுட்டாக."

"விட்டுட்டான்."

அவ்வளவுதான் விஷயம். கம்பியை விட்டவன் கையில் துண்டு அப்போதும் கட்டித்தான் இருந்தது. ஓர் இழுப்பு இழுத்திருந்தால் பின்னாலேயே வந்திருப்பான். அண்ணன் அதைப் பார்த்தார். வாயில் முடிச்சோடு, நிமிர்ந்து, தம்பியின் முகத்தையும் பார்த்தார். முப்பத்தோரு நாளும், இனிமேல் வரப்போகிற எல்லா வருஷமும் அந்த நேரத்தில் அவர் கண்முன் வந்தன. போதும் என்று தோன்றியது. மறுபடி குனிந்து கடித்து அவிழ்த்தார். பயத்தில் செய்ததென்று இத்தனை காலம் அவர் தனக்கே சொல்லிவைத்திருந்தார். பயந்தவன் முடிச்சை அவ்வளவு பொறுமையாக அவிழ்ப்பானா? இதையும் அவளிடம் சொன்னார், போதும்னு தோணிச்சு என்று, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். இந்தத் தடவை அழுகை வரவில்லை.

குழல்வாய்மொழி ரொம்ப நேரம் தன் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் குங்குமமும் பாதி போயிருந்தது. அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ.

"காரியத்துக்குச் சொல்லிருங்க அத்தான். கொள்ளி நீங்களே வைங்க. இனிமே இங்கன வராதீக."

நாளைக்குக் கொடுக்கவேண்டிய ஜாக்கெட் அது. அவர் படியிறங்கும்போது மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

ஆடி அமாவாசையன்று சிற்றாற்றங்கரையில் தர்ப்பை உருவத்துக்கு அவர் கொள்ளி வைத்தார். உலர்ந்த புல், நிமிஷத்தில் எரிந்து அடங்கிவிட்டது. தலை முழுகிக் கரையேறினபோது சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மணிக்கட்டில் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. வாயில் எண்ணெய் ருசியும் இல்லை. கரைந்துவிட்டது பார்த்தீரா என்று தலைமையாசிரியர் பூரித்துப்போனார். டாக்டர் ஞானதுரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அவரவருக்கு அவரவர் சொன்னது பலித்த சந்தோஷம்.

அடுத்த வருஷம் ஆனியில் மலை கறுத்தது. சாம்பசிவம் அரைக்கைச் சட்டையோடு கடைக்கு வந்தார். இடது கையைக் கண்ணாடிப் பெட்டிமேல் வெறுமனே நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். முதல் சாரல் தெருவை நனைத்தது. சாயங்காலம்வரை பார்த்தார். யாரும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்தவன், காரியம் முடிந்ததும் உண்மையாகவே போய்விட்டிருந்தான்.

கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அவர் துண்டு அடுக்கின் பக்கம் போனார். வலது கையால் தன் இடது மணிக்கட்டைப் பிடித்து, யாரும் பார்க்காதபடி, ஒரே ஒரு சுண்டு சுண்டினார். நில் என்று.