கம்பளிக்குள் வைத்த பானை

பானையைத் திறக்காதீர்கள் என்று காலையிலிருந்து அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

ஊறிய கொண்டைக்கடலையைக் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, பானையைப் பழைய கம்பளியில் சுருட்டி மரப்பெட்டிக்குள் வைத்தால், மூன்று மணி நேரத்தில் தானாகவே வெந்துவிடும். பதினெட்டு வருடமாக அவள் இப்படித்தான் கேஸை மிச்சம் பிடிக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவாகிவிடும். அதுவரை அந்தக் கடலைதான் அவளுக்குச் சாப்பாடு.

கணவருக்கு இத்தனை வருடமும் அது கேலி. "பானைக்குக் குளிருதாம், போர்த்தி விட்டிருக்கா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்த மனுஷன், எரிபொருள் சிக்கனத்துக்குப் பரிசு என்று குடியிருப்புச் சங்கம் அறிவித்ததும் ஒரே நாளில் மாறிப்போனார். அது 'என்னோட முறை' ஆகிவிட்டது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விண்ணப்பத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். வயிறு எரியாதா?

இன்று சங்கத்தார் பார்வையிடும் நாள். அவள் குளிக்கப் போன நேரம் கணவர் பானையை மாடிவீட்டுக்காரருக்குத் திறந்து காட்டினார். சீருடைக்கு இஸ்திரி போடும்போது எதிர்வீட்டுக்காரருக்கு. மணி பன்னிரண்டு அடிக்கும் நேரம் சங்கச் செயலாளர் வந்ததும் மூன்றாவது தடவை.

"பாத்தீங்களா சார், அடுப்பே இல்லாம வேகுது!"

செயலாளர் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டார். கடக்கென்றது.

"கல்லு மாதிரி இருக்கே சார். முதல்ல எத்தன நிமிஷம் கொதிக்க விட்டீங்க?"

கணவர் அவள் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் சொல்லேன்."

"உங்க முறைதானே? நீங்களே சொல்லுங்க."

அவர் அசடு வழிந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"திறந்தா சூடு போயிடும்னு எத்தன தடவ சொன்னேன்? காதுலயே போட்டுக்கல. பதினெட்டு வருஷம் கேலி பண்ணினீங்க, பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு என் சோத்துலயே மண்ணள்ளிப் போட்டுட்டீங்க!"

செயலாளர் இருக்கிறாரே என்று அவள் குரலை அடக்கவில்லை. பானையைத் தூக்கி அடுப்பின்மேல் டங்கென்று வைத்தாள்.

"வேக வெச்சு, டப்பாவுல போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து குடுங்க."

பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினாள். உள்ளே அலமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு கணவரின் குரல், மிகவும் தணிவாக.

"ஏம்மா... இந்த லைட்டர எங்க வெச்சிருக்க?"

செயலாளர் விண்ணப்பத்தில் இருந்த பெயரை ஒரே கோடாக அடித்தார். வாசலை எட்டிப் பார்த்து, "உங்க பேரு என்னம்மா?" என்றார்.

அடுப்படிவரை கேட்கும்படி அவள் சொன்னாள்.