வெளியே போகாத புகை

அன்றைக்கு ஜெபக்குமாருக்கு அது மூன்றாவது அழைப்பு. பல்லடம் சாலையில் ஒரு பட்டறையில் பாய்லர் பர்னரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டு கையிலும் டீசல். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினார்.

"அண்ணா, மங்கலத்துல இருந்து அனுசுயா பேசறனுங்க. பர்னர் மறுக்காவும் நின்னு போச்சுங்க. காத்தால இருந்து பத்து பீஸ் தேய்க்கறதுக்குள்ள நிக்குதுங்க. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

"நாளைக்குக் காலையில வரட்டுமாம்மா?"

"பொழுதோட சரக்கு எடுக்க வண்டி வருதுங்க. ராக்கம்மாக்காவும் இல்லீங்க. தேய்ச்சிட்டு இருந்தவங்க அப்பிடியே மயங்கி உழுந்துட்டாங்க. எங்கூட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு."

ஆள் விழுந்ததையும் பர்னர் நின்றதையும் அவள் ஒரே குரலில் சொன்னாள். தூக்கத்தில் எழுப்பிப் பேசவைத்தது போல இருந்தது அந்தக் குரல்.

ஜெபக்குமாருக்கு வயது ஐம்பத்திரண்டு. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டெய்லர் வேலைக்கென்று திருப்பூர் வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கண் பார்வை கொஞ்சம் மங்கியதும் தையலை விட்டு பாய்லர் பக்கம் போனவர், பர்னர் வேலையிலேயே நின்றுவிட்டார். தீபாவளி நெருங்கும்போது ஒரு நாளைக்கு எட்டு இடம், ஒன்பது இடம். மாடிப்படி ஏறினால் வலது முட்டி வலிக்கும். வலியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்று மாத்திரை போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தார். தூறல் விட்டபாடில்லை.

அனுசுயாவின் வீட்டுக்கு முன்பக்கம் குடியிருப்பு, பின்பக்கம் தகரக் கூரை போட்ட அயர்னிங் ஷெட். கம்பெனிகளிலிருந்து வரும் பனியன்களை நான்கு மேசைகளில் நீராவிப் பெட்டியால் தேய்த்து மடித்து அனுப்புவார்கள். அவளும் கணவன் தங்கவேலுவும் கூலிக்கு வரும் இரண்டு பெண்களும்தான் ஆட்கள். மூலையில் பீரோ அளவுக்கு ஒரு டீசல் பாய்லர். அதிலிருந்து வரும் நீராவிதான் நான்கு பெட்டிக்கும்.

ஜெபக்குமார் உள்ளே நுழைந்தபோது அனுசுயா பாய்லர் பக்கத்தில் குந்தியிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழிருந்த பொத்தானில் அவள் விரல்.

"அமுக்காதீங்க," என்றார். "கையை எடுங்க."

அவள் எடுத்தாள். முகம் வெளிறி, கண்ணோரம் சிவந்திருந்தது.

"எத்தனை வாட்டி அமுக்குனீங்க?"

"எண்ணலீங்ணா. காத்தாலிருந்து அமுக்கிட்டேதான் இருக்கறேன். இப்ப ஒரு ஆறேழு வாட்டி அமுக்கியும் பத்தவே மாட்டேங்குது."

அவர் மெயின் சுவிட்சை அணைத்து, டீசல் வால்வை மூடி, சூடு ஆறக் காத்திருந்து, பாய்லரின் முன்கதவைத் திறந்தார். டார்ச்சை அடித்ததும் பாய்லரின் உள்தரையில் டீசல் மினுங்கியது. கால் லிட்டருக்குக் குறையாது.

"இங்க வந்து பாருங்கம்மா. நீங்க ஒரு தடவை அமுக்குனா உள்ள டீசல் பீச்சும். தீப்பொறி பத்தலைன்னா அது அப்படியே கீழ தங்கிடும். ஏழு தடவை தங்குனது இது. எட்டாவது தடவை பத்தியிருந்தா மொத்தமும் ஒரே நேரத்துல எரிஞ்சி, இந்தக் கதவு உங்க மொகத்துல வந்து அடிச்சிருக்கும். ஒரு தடவை அமுக்கலாம். பத்தலைன்னா விட்டுட்டு எனக்குப் போன் போடுங்க. இது போன வருசமே சொன்னதுதான்."

"சொன்னீங்க. வண்டி வந்துருமேன்னு..." முடிக்கவும் தெம்பில்லாதவள் போல மேசையில் சாய்ந்துகொண்டாள். மூன்றாவது மேசையில் இன்னொரு பெண், ஆஷா, தேய்க்க எதுவும் இல்லாமல் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

அவர் வேஸ்ட் பனியன் துணியைத் திணித்துத் திணித்து டீசலை ஒற்றி எடுத்தார். ஒரு வாளி நிறைய ஊறிய துணி சேர்ந்தது. அதை வெளியே கூரைக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு பர்னரைக் கழற்றினார். தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் சின்னக் கண்ணாடிக் கண் ஒன்று அதில் உண்டு. தீ தெரியவில்லையென்றால் அதுதான் பர்னரை நிறுத்தும். அந்தக் கண்ணை மசி முழுக்க மூடியிருந்தது. துடைத்தார். டீசலைப் பீச்சும் நாசிலிலும் மசி. உள்சுவர் எங்கும் மசி, விரல் கனத்துக்கு.

நல்ல காற்று கிடைத்து எரிகிற பர்னரில் இவ்வளவு மசி வராது. ஆனால் அவருக்கு இன்னும் நான்கு இடம் போக வேண்டியிருந்தது. துடைத்து மாட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் நினைத்தார். மாட்டி, ஒருமுறை பொத்தானை அமுக்கினார். பற்றிக்கொண்டது. அனுசுயா நிமிர்ந்து மேசைக்குப் போனாள்.

கருவிகளைப் பையில் போடும்போது அவருக்குக் கண் எரிந்தது. ஜன்னல்களைப் பார்த்தார். மழைச்சாரல் துணியில் படக்கூடாதென்று எல்லாவற்றையும் சாத்தி, இடுக்கில் பிளாஸ்டிக் தாளையும் ஒட்டியிருந்தார்கள்.

"ராக்கம்மாவுக்கு என்ன செஞ்சிது?" என்று கேட்டார்.

"ஒரு மாசமாவே தலைநோவுன்னு சொல்லிட்டிருந்தாங்க. ரெண்டு நாளா வாந்தி. ரத்தம் கம்மியா இருக்கும்னு மாத்திரை வாங்கித் தின்னாங்க. எனக்குந்தானுங்க தலைநோவு. காலெல்லாம் அசந்து அசந்து வருது. சீசன் வேலை, அப்பிடித்தானே இருக்கும்."

"ஞாயித்துக்கெழமை?"

"ஞாயித்துக்கெழமை லீவுங்க."

"இல்லம்மா. ஞாயித்துக்கெழமை தலை வலிக்குமா?"

அனுசுயா பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு யோசித்தாள். யோசிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. ஆஷாதான் பதில் சொன்னாள். "இல்லீங்க. ஊட்டுல இருந்தா வலிக்கறதில்லீங்க. இங்க வந்து கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுக்குது."

ஜெபக்குமார் சாமி படத்துக்குக் கீழே இருந்த ஊதுபத்திக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். பற்றவைத்து, பாய்லரின் முதுகில் புகையை வெளியேற்றும் சிம்னிக் குழாய் சேருகிற மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். சிம்னி இழுக்கிறதென்றால் ஊதுபத்திப் புகை இடுக்கு வழியாக உள்ளே போகவேண்டும். அது உள்ளே போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தது. கையை மேலே கீழே மாற்றிப் பிடித்தும் அப்படியேதான் வந்தது.

அவர் பாய்லரை நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

"ஏனுங்ணா? இப்பத்தான எரியுது..."

"துணியைப் போட்டுட்டுப் போங்கம்மா. மழையில நனைஞ்சாலும் பரவால்ல."

ஜன்னலில் ஒட்டியிருந்த தாளையெல்லாம் பிய்த்துத் திறந்துவிட்டு அவரும் வெளியே வந்தார். வாசல் சன்ஷேடு அடியில் நின்றுகொண்டு அனுசுயாவிடம் தங்கவேலுவுக்குப் போன் போடச் சொல்லி வாங்கிப் பேசினார்.

"தங்கவேலு, ஜெபக்குமார் பேசுறேன். டாக்டர் என்ன சொல்லுறாரு?"

"குளுக்கோஸ் ஏத்தறாங்கண்ணா. வெரல்ல மாட்டற மெஷின்ல எல்லாம் நல்லாத்தான் காட்டுதாமா. ஆனா கண்ணு முழிக்க மாட்டேங்கறாங்க."

"மூடுன எடத்துல டீசல் புகையை மாசக்கணக்கா மூச்சுல இழுத்திருக்காங்கன்னு சொல்லுங்க. இதே வார்த்தையைச் சொல்லுங்க. இப்பவே."

தங்கவேலு ஏன் எதற்கென்று கேட்கவில்லை. அது நல்லதாயிற்று. பத்து நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். டாக்டர் இரண்டு கேள்வி கேட்டாராம். உடனே முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்திருக்கிறார்களாம். உங்கள் வீட்டில் மற்றவர்களையும் கூட்டிவாருங்கள் என்று சொல்கிறாராம். அந்தப் புகை ரத்தத்தில் கலந்தால் விரல் மெஷின் ஏமாந்துவிடும், நல்ல அளவையே காட்டும் என்று டாக்டர் சொன்னதை மறுநாள்தான் ஜெபக்குமார் கேள்விப்பட்டார்.

அனுசுயாவையும் ஆஷாவையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் ஷெட் ஓரம் கிடந்த ஏணியை எடுத்துச் சாத்தினார். தகரம் வழுக்கியது. கூரைக்கு மேலே ஓராள் உயரம் நிற்கவேண்டிய சிம்னிக் குழாயைக் காணோம். மேல் துண்டு இரண்டையும் கழற்றி, குழாயைப் பக்கவாட்டில் வளைத்து, பக்கத்து வீட்டுச் சுவருக்கும் ஷெட்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் விட்டிருந்தார்கள். மழை இறங்காமல் இருக்க வாயில் பெயிண்ட் டப்பா மூடியைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வளைவில் மசி படிந்து படிந்து, இரண்டு விரல் நுழைகிற இடைவெளிதான் பாக்கி இருந்தது. மற்ற புகையெல்லாம் மூட்டு வழியாக ஷெட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது.

கம்பியைத் தொட்டுப் பார்த்தார். துரு ஏறியிருந்தது. நேற்று முந்தாநாள் கட்டியதில்லை.

இறங்கி வந்து ஷெட் வாசலிலேயே நின்றார். சுவரில் ஆணியில் சர்வீஸ் அட்டை தொங்கியது. அதில் அவருடைய கையெழுத்து. ஆடி மாதத்துத் தேதி. நாசில், ஃபில்டர், கண், சிம்னி என்று நான்கு வரி. நான்குக்கும் எதிரே டிக். அன்றைக்கு அவர் கூரை மேல் ஏறவில்லை. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முட்டி வலி, கீழே நின்றபடி பேனாவை எடுத்து நான்கு டிக்கையும் ஒரே மூச்சில் போட்டார். எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார், ரொம்ப நாளாக.

அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அதையும் நினைத்தார். பிறகு அங்கிருந்த ஸ்டூலை மழைச்சாரல் படாத இடமாக வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்ற நான்கு இடத்துக்கும் போன் செய்து இன்றைக்கு வரமுடியாது என்று சொன்னார்.

தங்கவேலு வரும்போது மணி நாலரை இருக்கும். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"கண்ணு முழிச்சுட்டாங்கண்ணா. எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அனுசுயாவுக்கும் அந்தப் புள்ளைக்கும் மாஸ்க் வெச்சிருக்காங்க, காத்தாலைக்கு ஊட்டுக்கு வந்தர்லாமாமா." சுவரோரம் நின்றார். "சிம்னியப் பாத்தீங்ளா?"

"பாத்தேன்."

"நாந்தானுங்க வளைச்சேன். வைகாசியில. பக்கத்தூட்டுல மொட்டைமாடியில காயப்போட்ட துணியெல்லாம் கரியாப் போச்சுன்னு தெனமும் சத்தம். அவுங்க சொல்றதும் நாயந்தானுங்க. சந்துல உட்டுட்டா புகை அப்பிடியே போயிரும்னு நெனைச்சேன். ஒரு போன் போட்டு உங்களக் கேட்டிருக்கலாம்."

"நான் ஆடியில வந்தேன், தங்கவேலு."

"ஆமாங், வந்தீங்க."

"வந்தவன் மேல ஏறிப் பாக்கலை. பாத்தேன்னு எழுதிட்டுப் போயிட்டேன். ஏறியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." ஆணியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

தங்கவேலு அதை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று ஜெபக்குமார் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. தங்கவேலு அட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். வாசல்படியில் உட்கார்ந்தார். சரக்கு வண்டி வந்து ஹார்ன் அடித்தபோது தங்கவேலு எழுந்துபோய், தேய்க்காத துணியையெல்லாம் அப்படியே ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பினார்.

மூன்று நாள் ஜெபக்குமார் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பாய்லரை முழுக்கப் பிரித்து மசியை எடுத்தார். சிம்னியை நேராக, பக்கத்து மொட்டைமாடியைத் தாண்டி நிற்கும்படி புதுக் குழாய் போட்டு உயர்த்தினார். மூட நினைத்தாலும் மூட முடியாதபடி சுவரில் தரையோரம் ஒன்றும் கூரையோரம் ஒன்றுமாகக் கம்பிவலை போட்ட துளைகள் வைத்தார். புகை கசிந்தால் கத்துகிற சின்ன அலாரம் ஒன்றையும் மேசைக்கு மேலே மாட்டினார். ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தபோது புகை இடுக்குக்குள் ஓடிப்போயிற்று. அனுசுயாவையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வாரம் ஒருமுறை இப்படிப் பார்க்கவேண்டும் என்றார். பர்னர் நன்றாக எரிந்தால் புகை கண்ணுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து மேலே பார்த்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் ராக்கம்மாளைப் பார்க்கப் போனார். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி, ஐம்பதைத் தொட்டவள், மகளோடு ஒற்றை அறையில் குடியிருந்தாள். தலையணையைச் சுவரில் வைத்துச் சாய்ந்திருந்தாள். ஜெபக்குமார் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்துவிட்டு, தங்கவேலுவிடம் சொன்னதை அவளிடமும் சொன்னார். சுருக்காமல் சொன்னார்.

ராக்கம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைய உசுரோட கொண்டாந்ததும் நீங்கதான்னு அனுசுயா வீட்டுல சொன்னாக," என்றாள்.

"அதுக்கு முன்னாடி நடந்ததை அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க."

"சொல்லல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நான் என் ஒடம்பைத்தேன் ஏசிக்கிட்டு இருந்தேன், தெரியுமா? காலையில எந்திரிச்சா எந்திரிக்க முடியல. கெழட்டு ஒடம்பு, வேலைக்குக் கள்ளம் பண்ணுதுன்னு நெனைச்சேன். மகட்ட எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன். ஒரு மாசம் வீட்டுல ஒரு நல்ல வார்த்தை பேசல நான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிண்ணே, விடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றாள் ராக்கம்மாள். "கோவமும் வரல. எல்லாம் அசதியா இருக்கு. நீங்க ஒங்க வேலையப் பாருங்க. ஒழுங்காப் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் ஜெபக்குமார் பழைய நோட்டை எடுத்தார். அந்த வருடம் அவர் சர்வீஸ் செய்த இடங்கள் முப்பத்தொன்று. வார நாட்களில் பாய்லர்கள் ஓடிக்கொண்டிருக்கும். சூடான குழாயைத் தொட முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஆராதனை முடிந்ததும், வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு மூங்கில் ஏணி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்.

முதல் இடத்தில், "நாங்க கூப்பிடலீங்களே," என்றார் வீட்டுக்காரர்.

"தெரியும். நான்தான் சிம்னியைப் பாக்காம விட்டுட்டேன். அஞ்சு நிமிசம்."

அங்கே எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது இடத்திலும் சரி. மூன்றாவதில் மேலே ஏறவிடவே மாட்டேன் என்றார்கள். வாசலில் நின்று எடுத்துச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து ஏறினார். அங்கே கொஞ்ச நாளாக ஓடாமல் கிடந்த இன்னொரு பாய்லரின் சிம்னி வாயில் மைனா கூடு கட்டியிருந்தது. முட்டை எதுவும் இல்லை. அதைப் பிய்த்துக் கீழே போட்டு, வாயில் வலை வைத்துக் கட்டினார். இறங்கும்போது முட்டி மடங்க மறுத்தது. ஏணியின் பாதியில் நின்று, கம்பைக் கட்டிப்பிடித்தபடி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். கீழே அந்த வீட்டுப் பெண் தண்ணீர்ச் சொம்போடு நின்று, "மெதுவா எறங்குங்க," என்றாள். அவர் மெதுவாக இறங்கினார். நாலாவது இடம் பக்கத்துத் தெருவில்தான்.